மட்டக்களப்பில் ஒரு தேவைக் கலியாணம்: 1912இல் நடக்கும் நாவலின் வேலைப் பதிவு

அளவு முதலில். 30 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொல், ஆக 60,000. டெமி 1/8 அளவில் பக்கத்துக்கு 250 சொல் பிடிக்கும் என்று வைத்தால் 240 பக்கம், அதாவது 16 பக்கப் படிவம் 15. கதை பழகியதுதான்: விருப்பத்துக்காக அல்லாமல் தேவைக்காகத் தாலி கட்டிக்கொண்ட இருவர், ஒரே கூரையின் கீழ் இருந்து இருந்து கடைசியில் பிரிய முடியாமல் போகிறார்கள். களம் மட்டக்களப்பு வாவியின் தென்பாதி: கிழக்குக் கரையான எழுவான்கரையில் குறுமண்வெளி, எதிரே மேற்குக் கரையான படுவான்கரையில் மண்டூர். காலம் 1912 ஆடி முதல் 1913 வைகாசி வரை. பரிதாபி வருடமும் அடுத்த பிரமாதீசத்தின் தொடக்கமும்.

இந்த வகை நாவலுக்கு இங்கிலாந்தில் வார்த்த அச்சு ஒன்று உண்டு. தகப்பன் சாகிறான், நிலமும் மாளிகையும் ஆண் வாரிசுக்குப் போகின்றன, பெண் நடுத்தெருவில் நிற்கிறாள், முன்பின் தெரியாத ஒரு பிரபு கைகொடுக்கிறான். பெயர்களை மட்டும் மாற்றி அதை மட்டக்களப்பில் இறக்கினால் முதல் அத்தியாயத்திலேயே உடையும். இங்கே வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் அவள் பேருக்கு. தாய்தகப்பன் அதே வளவில் சின்னக் குடில் ஒன்றுக்கு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவான். ‘புகுந்த வீட்டில் முதல் நாள்’ என்று ஓர் அத்தியாயம் தாராளமாக எழுதலாம். புகுகிறவன் ஆண், நடுங்குகிறவனும் அவன்தான்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: வீடும் வயலும் உள்ள பெண்ணுக்கு அவசரமாக ஒரு புருஷன் எதற்கு? வேலையின் முக்கால்வாசி இந்தக் கேள்விக்கு விடை கட்டுவதிலேயே போகும். போகட்டும். இது சரியாக நின்றால் மிச்சம் தானாக நிற்கும்.

ஆண்டைப் பொருத்துதல்

சேலைக்கும் விளக்குக்கும் ஆசைப்பட்டு ஆண்டைத் தேர்ந்தால் பின்னால் சட்டம் வந்து குழப்பும். சட்டத்தை முதலில் பார்த்து, அது விடும் இடைவெளிக்குள் ஆண்டை வைப்பதே பாதுகாப்பு.

மட்டக்களப்பில் முக்குவர் சமூகத்தின் பழைய வழமைப்படி முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழியில் இறங்கியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமை, உரிமைப்பேற்றுக் கட்டளைச் சட்டம் 1877 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் விலக்கு. கிழக்குத் தமிழர் உள்ளே. மட்டக்களப்புக் கதையில் தேசவழமையைப் புகுத்துவதுதான் மிக அதிகமாகக் காணும் பிழை. யாழ்ப்பாணத்து நாவல்களைப் படித்துப் பழகிய கைக்கு அது தானாக வந்துவிடும்.

1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாவலுக்கு வேண்டியவை மூன்று. மனைவியின் நிலமும் வீடும் அவளுடைய தனிச்சொத்து, கணவனின் கடன் அதைத் தொடாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அது பின்னால் வரும். இரண்டாவது, உயிரோடிருக்கும்போது அந்தச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் எழுத மட்டும் வேண்டாம். மூன்றாவது, நகை, உடுப்பு போன்ற சில தவிர, அவளுடைய அசையும் பொருள் கணவனைச் சேரும். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் 1924இல் அமலுக்கு வந்தபின் சம்மதக் கையெழுத்தின் தேவை போய்விட்டது. ஆகக் கதைக்குக் கிடைக்கும் காலம் 1877க்கும் 1924க்கும் நடுவில்.

அதற்குள் 1912 ஏன் என்றால், தென்னை. 1907 மார்ச்சில் மட்டக்களப்புக் கரையை அடித்த சூறாவளியில் தென்னந்தோட்டங்கள் சரிந்தன. அந்த மாரியில் திரும்ப நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் பிடிக்கும். 1913, 1914இல் குலை தள்ளும். ஐந்து வருஷம் வெறும் செலவாக இருந்த தோட்டம், கதை தொடங்கும்போது பணமாக மாறப்போகிறது. இதுவரை திரும்பிப் பாராத உறவுகள் அன்பு காட்டத் தொடங்க இதைவிடக் காரணம் வேண்டாம். 1914ஐத் தாண்டினால் உலகப் போர் வந்து எல்லாக் காட்சியிலும் மூக்கை நுழைக்கும்.

முடிச்சு

வள்ளியம்மைக்கு வயது 18. தகப்பன் சூறாவளியில் வாவியோடு போனவர். தாய் இருக்கிறாள். அம்மம்மா சாகுமுன் வீட்டையும் தென்னந்தோட்டத்தையும் வயலையும் நேரே பேத்தி பேருக்கு நன்கொடை உறுதி (பத்திரம்) எழுதிவிட்டாள். இந்த ஏற்பாட்டை விடக்கூடாது. விட்டால் சொத்து தாயுடையதாகி முடிச்சு அவிழ்ந்துவிடும். பிள்ளை சட்டப்படி வயது வராதவள் (மைனர்) என்பதால் அம்மான் கந்தப்போடியாரை நீதிமன்றம் சொத்துக் காப்பாளராக வைத்திருக்கிறது. நீதிமன்ற அனுமதியின்றி அவரால் விற்க முடியாது. ஆனால் வருமானம் அவர் கையில்தான்.

1865ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வயது வருவது 21இல். ஆனால் ரோமன் டச்சுச் சட்டத்தில் கலியாணமும் ஒருவரை வயது வந்தவராக்கிவிடும். இதுதான் கேள்விக்கு விடை. தாலி ஏறிய அன்றே காப்பு முடிகிறது, அம்மான் கணக்குக் காட்ட வேண்டும். 21 வரை பொறுத்தால் புதுத் தென்னையின் முதல் வருஷக் காய்களெல்லாம் அம்மானின் கணக்கில் போய்விடும். அதற்குள் அவர் தன் மகனையே மாப்பிள்ளையாக்கப் பார்க்கிறார்.

ஆனால் தாலி ஒரு பூட்டைத் திறந்து இன்னொன்றைப் போடுகிறது. அம்மானின் கையிலிருந்து சொத்து வெளியே வரும், கணவனின் கையெழுத்துக்குள் போகும். ஆகவே வள்ளியம்மைக்கு வேண்டியது கையெழுத்துப் போடுகிற, ஆனால் கைவைக்காத ஒரு புருஷன்.

சின்னத்தம்பி, வயது 26, மட்டக்களப்புப் பட்டினமான புளியந்தீவில் ஒரு நொத்தாரிசிடம் (நோட்டரி) உறுதிகளைப் படியெடுத்து எழுதும் எழுத்துவேலைக்காரன். அவனுடைய தேவை: தங்கச்சிமார் இருவர். மூத்தவளுக்கு வீடு உண்டு, இளையவளுக்கு இல்லை. வீடில்லாமல் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச முடியாத ஊரில், தமையன் உழைப்பதே தங்கச்சி வீட்டுக்குத்தான். அவளைக் கரையேற்றுமுன் தான் கலியாணம் செய்தான் என்ற பேச்சு அவன்மேல் கதை முழுக்கத் தொங்க வேண்டும். ஒப்பந்தம்: அவன் வேண்டிய நேரம் கையெழுத்து வைப்பான், அவள் அவன் இளைய தங்கச்சிக்கு ஒரு ஏக்கர் தென்னை நிலமும் வீட்டு மரமும் கொடுப்பாள்.

இந்த ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் ஐந்து சதப் பெறுமதி கிடையாது, அதுதான் இதன் அழகு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நிலம் பற்றிய எந்தப் பேச்சும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு உறுதியாக எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. அவனும் தாலிக்கு முந்தியே வெற்றுத்தாளில் சம்மதம் எழுதிக் கொடுக்கிறான். ஆனால் கணவனாகுமுன் எழுதியது கணவனின் சம்மதமல்ல என்று எந்தப் பிரக்கிராசியும் (வழக்கறிஞரும்) வாதாடலாம். உறுதி எழுதும் இடத்தில் வேலை செய்பவனுக்கு இது தெரியும். அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. 15ஆம் அத்தியாயத்தில் வேறொருவர் வாயால் அவளுக்கு இது தெரியவர வேண்டும். அவனே மனமுருகிச் சொல்வதாக எழுதினால் காட்சி பலமிழக்கும். கோபப்பட அவளுக்கு இடமிருக்காது.

பதிவா, சடங்கா

இந்த இடத்தில்தான் கட்டுமானம் முதலில் விரிசல் விடும். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டத்தின் நடைமுறை இப்படி: குறைந்தது 10 நாள் குடியிருந்த பிரிவின் பதிவுகாரரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும், இருவரும் வேறு வேறு பிரிவென்றால் இரண்டு இடத்திலும். 12 நாள் கழிந்தபின் சான்றிதழ், அது மூன்று மாதம் செல்லும். வயது வராத பெண்ணென்றால் தகப்பன் சம்மதம், அவர் இல்லாவிட்டால் தாயின் சம்மதம்.

இருவரையும் நேரே பதிவுக்கு அனுப்பினால் 8ஆம் அத்தியாயத்தில் கதை முடிந்துவிடும். பதிந்த கலியாணத்தை யாரும் மறுக்க முடியாது, அம்மான் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போவார், இருவரும் ஒரே வீட்டில் இருக்கவே காரணமில்லை. முற்றிலும் சரியான சட்டம் முற்றிலும் வெறுமையான நாவலைத் தரும்.

தீர்வு அந்த 12 நாளுக்குள்ளேயே இருக்கிறது. அறிவித்தல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். அம்மானின் காதுக்கு அது ஒரே நாளில் எட்டும். மிச்சம் பதினொரு நாளில் அவர் செய்யக்கூடியது எவ்வளவோ. ஆகவே தாயின் சம்மதத்தோடு, பதிவில்லாமல், வீட்டுச் சடங்காகத் தாலி கட்டுகிறார்கள். சடங்குக் கலியாணமும் செல்லும். ஆனால் வழக்கென்று வந்தால் நிரூபிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தால், மாறாகத் தெளிவாக நிரூபிக்கும்வரை கலியாணம் நடந்ததாகவே சட்டம் கொள்ளும் என்று 1881இல் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்து வழக்கில், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் சொல்லியிருக்கிறது.

அம்மான் தரப்பு ‘கலியாணமே நடக்கவில்லை’ என்று நிற்கும். பதிலுக்கு இவர்கள் ஊரறிய வாழ்ந்து காட்ட வேண்டும். ஒன்றாகக் கோயிலுக்குப் போக வேண்டும், ஒரே அடுக்களையில் சாப்பிட வேண்டும், ஒரே அறையில் விளக்கணைய வேண்டும். நடிப்பே சாட்சி. இந்த வகை நாவல் வேறெங்கும் பனிப்புயலையோ உடைந்த வண்டியையோ வைத்து இருவரையும் ஓர் அறையில் பூட்டும். இங்கே அந்த வேலையைச் சட்டம் செய்கிறது. பந்தலுக்கு வெள்ளை கட்டிய வண்ணாரும், முகம் வழித்த பரியாரியும், வேலிக்கப்பால் நின்ற அயலட்டைப் பெண்களும் ஒருநாள் சாட்சிக்கூட்டில் ஏறப்போகிறவர்கள் என்பதால், அவர்கள் வரும் சின்னக் காட்சிகளுக்கும் கனம் கூடிவிடுகிறது.

‘ஒரு வருஷம் கழித்துப் பிரிந்துவிடுவோம்’ என்ற பழகிய வசனத்தை எடுத்துவிடுங்கள். 1907ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றே: பிறர்மனை உறவு, தீய எண்ணத்தோடு கைவிடல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறை. இருவரும் பேசிப் பிரிய வழியில்லை. ஆக, பிரிய வேண்டுமென்றால் இருவரில் ஒருவர் ஊர் முன்னால் குற்றவாளியாக வேண்டும். ‘கைவிட்டவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுவம்’ என்று சின்னத்தம்பி தாலிக்கு முதல்நாள் சாதாரணமாகச் சொல்கிறான். அந்த வாக்கியம் 24ஆம் அத்தியாயத்தில் அவளுக்கு முள்ளாகத் தைக்கும்.

குடி அட்டவணை

பாத்திரப் பெயர் வைக்குமுன் குடி வைக்க வேண்டும். குடி என்பது தாய்வழியில் வரும் குலப்பிரிவு, ஒரே குடிக்குள் கலியாணமில்லை. ஏதாவது உண்மையான குடிப் பெயரைக் கந்தப்போடியாருக்குக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். வரைவில் எழுத்துகள் போதும்.

வள்ளியம்மை, தாய், அம்மான், மூவரும் ‘அ’. அம்மானின் மனைவி ‘ஆ’, ஆகவே அவர்கள் மகனும் ‘ஆ’. வள்ளிக்கு அவன் முறை மச்சான், கட்டலாம், ஊரும் அதைத்தான் எதிர்பார்க்கும். சின்னத்தம்பியையும் ‘ஆ’ ஆக்கினால் ஓர் இலாபம்: அம்மான் மனைவிக்கு அவன் குடிமுறையில் தம்பி. புருஷன் ஒரு பக்கம், குடி ஒரு பக்கம் என்று அந்த மாமிக்கு ஒரு சொந்தக் கதையே பிறந்துவிடும். இரவில் வேலியடியில் வந்து செய்தி சொல்கிறவள் அவள்தான். மூன்று காட்சிக்கென்று வைத்த பாத்திரம் ஒன்பது காட்சிக்கு வளர்ந்தால் தடுக்காதீர்கள்.

இடறும் இடம் ஒன்று. சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகள் குடியால் வேறாக இருக்கலாம். ஆனாலும் அண்ணன் தங்கச்சி முறை, கட்ட முடியாது. குடி வேறென்றால் போதும் என்று நினைத்து எழுதினால் உள்ளூர் வாசகி புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவாள்.

அம்மானை வில்லனாக்கவே கூடாது. பழைய வழமையில் வளர்ந்தவர் அவர். சகோதரியின் பிள்ளைகளுக்கும் குடிச்சொத்துக்கும் தாய்மாமனே பொறுப்பு என்று உண்மையாகவே நம்புகிறவர். சூறாவளிக்குப் பிறகு கன்று வாங்கி நட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அவர் காசு. அவர் கேட்பதில் பாதி நியாயம். எந்தப் பாதி என்று வாசகர் தடுமாற வேண்டும்.

நாள்காட்டி

பஞ்சாங்கம் கையிலில்லாமல் 1912இன் அமாவாசைகளைக் கணக்கிட ஒரு வழி: அந்த ஏப்ரல் 17இல் சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. அங்கிருந்து 29½ நாளாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆடி அமாவாசை, ஒரு நாள் முன்பின்னாக, ஆகஸ்ட் 12 திங்களில் விழும். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குச் சனம் கூடும் நாள் அது. வள்ளியம்மை உறவுகளோடு தீர்த்தமாட வந்த சாக்கில் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறாள். ஆடியில் கலியாணமில்லை. ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறக்கும், வளர்பிறை 27ஆம் திகதிப் பௌர்ணமியோடு முடியும். தாலி ஆகஸ்ட் 23 வெள்ளி. நட்சத்திரப் பெயரை எழுதப் பழைய பஞ்சாங்கம் வேண்டும். கிடைக்காவிட்டால் ‘நல்ல நாள்’ என்று சொல்லிக் கடந்துபோவதே மேல்.

இந்தக் கணக்கின் இன்னொரு பலன் நிலா. கலியாணத்துக்குப் பின் நாலாம் இரவு முழுநிலா. அந்த வாரத்தில் யாரும் இருட்டில் தடுக்கி யார்மேலும் விழ முடியாது. அப்படி ஒரு காட்சி வேண்டுமென்றால் செப்டெம்பர் 11 அமாவாசை வரை பொறுங்கள்.

அதற்குப் பிறகு வயல் நாள்காட்டி கதையை ஓட்டும். மழைக்கு முன் ஒக்டோபரில் புழுதி விதைப்பு. நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை: வாவி பெருகும், மண்டூர்த் துறையில் தோணி நிற்கும், வெள்ளம் வடிய முகத்துவாரம் வெட்டுவார்கள். 14 முதல் 18 வரையான அத்தியாயங்கள் இந்த மழைக்குள். பெப்ரவரி, மார்ச்சில் வெட்டும் சூடடிப்பும். மே 20 பௌர்ணமியை ஒட்டி வைகாசிக் கண்ணகி சடங்கு.

பாய்

ஒரே கட்டில் மட்டும் இருக்கும் அறை இந்த வகை நாவலின் தவிர்க்க முடியாத தளவாடம். இங்கே கட்டிலே இல்லை. பாயை எங்கும் விரிக்கலாம், அதனால் தூரம் கூடக் குறையப் பேசிக்கொள்ளும் விஷயமாகிவிடுகிறது. வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கீறி வைத்துக்கொள்ளுங்கள்: முன்விறாந்தை, ஓர் உள்ளறை, பின்னால் தனியாக அடுக்களை, கிணறு, வேலியோரம் தாயின் குடில். குடிலிலிருந்து விறாந்தை தெரிய வேண்டும், உள்ளறை தெரியக்கூடாது. முதல் இரவு வசனம் வரைவில் இப்படி நின்றது:

“பாய் ரெண்டு கிடக்கு. ஒண்ட விறாந்தையில போடட்டா?”

“விறாந்தையில படுத்தா பக்கத்து வளவுக்குத் தெரியும்கா.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா, கோட்டில வந்து சொல்லுவாங்க.”

“மறுகா?”

“மறுகா என்ன. உள்ளுக்குத்தான். நான் கதவடியில கிடக்கன்.”

“கதவடியில எறும்பு.”

இதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். முந்திய வடிவத்தில் அவன் ‘என்னை நம்பலாம்’ என்று ஒரு நீண்ட வாக்குறுதி கொடுத்தான். அதை வெட்டியபின்தான் இருவருக்கும் உயிர் வந்தது. பேச்சில் ‘கா’, ‘மறுகா’ (பிறகு), தாய் பேசும்போது ‘மனே’ என்று அளவோடு போட்டால் இடம் தெரியும். ஒவ்வொரு வாக்கியத்திலும் தூவினால் நாடகமேடையாகிவிடும். அவன் வந்த புதிதில் அவளை ‘நீங்க’ என்கிறான், வயல்காரர் சிரிக்கிறார்கள், ‘நீ’க்கு மாற 12 அத்தியாயம் எடுக்கிறது.

எருமையும் கடனும்

1876ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எடுத்த மூன்றாவது விதி கதைக்குத் தரும் கொடை எருமைகள். அசையும் பொருள் கணவனுக்கு. வள்ளியம்மையின் பட்டியில் 40 எருமை. தாலி ஏறிய நேரத்திலிருந்து சட்டப்படி அவை சின்னத்தம்பியுடையவை. எருமையின் வாலைக்கூடப் பிடித்தறியாத எழுத்துவேலைக்காரனுக்கு. நகைச்சுவைக்கு நாலு பக்கம் இதிலேயே கிடைக்கும். ஆனால் இதை நகைச்சுவையோடு விட்டுவிடக்கூடாது. சேறு மிதிக்கவும் சூடடிக்கவும் எருமைதான் வேண்டும். நிலம் அவளிடம், மாடு அவனிடம். ஒன்றில்லாமல் மற்றது நெல்லாகாது. காதலை வாயால் சொல்ல வைக்காமல் வயலில் நடத்திக் காட்ட இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது. களத்தில் இரவு ‘பொலி பொலி’ என்று மாடு வளைக்கும் 22ஆம் அத்தியாயம் நாவலின் நடுத்தூண். அங்கே இருவரும் பேசுவது மாட்டைப் பற்றி மட்டுமே.

இனி அந்த விதிவிலக்கு. கணவனின் கடன் மனைவியின் நிலத்தைத் தொடாது. ஆனால் அந்த நிலத்தின் பயிர்ச்செய்கைக்கோ பராமரிப்புக்கோ பட்ட கடனென்றால் தொடும். மழையில் முதல் விதைப்பு அழுகிவிடுகிறது. மறுவிதைப்புக்கு விதைநெல்லும் கூலியும் வேண்டும், அம்மான் கொடுக்க மாட்டார். சின்னத்தம்பி அவளுக்குத் தெரியாமல் தன் பேரில் வட்டிக்கு வாங்குகிறான். தன் கடன் தன்னோடு என்பது அவன் எண்ணம். விதைநெல்லுக்கு வாங்கியதால் அது அவளுடைய நிலத்தில் போய் விழுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்ததே அவள் காணியை ஏலத்தின் விளிம்புக்குத் தள்ளுகிறது. அம்மானுக்கு ‘நான் சொன்னேனே’ என்று சொல்ல வாய்க்கிறது. கடைசிப் பிரிவுக்கு ‘பழைய காதலி திரும்பி வந்தாள்’ என்பது போன்ற மலிவான காரணமெதுவும் தேவைப்படாது. கடன் தொகையை ரூபாயிலும் சதத்திலும் எழுதுங்கள். இலங்கையில் 1872இலிருந்தே ரூபாய்க்கு நூறு சதம். அணாவும் பைசாவும் தமிழ்நாட்டு நாவல்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வருபவை.

சில்லறைச் சரிபார்ப்பு

கல்லடிப் பாலம் 1920களில் வந்தது, 1912இல் ஓடம். ரயில் மட்டக்களப்புக்கு வந்தது 1928இல். குறுமண்வெளியிலிருந்து புளியந்தீவு ஏறத்தாழ 18 மைல். மாட்டுவண்டி மணிக்கு இரண்டு, இரண்டரை மைல், ஆக ஒரு முழு இரவு. ‘அவசரமாகப் பட்டினம் போய்வந்தான்’ என்று ஒரே பத்தியில் எழுத முடியாது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் கதைக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டமே. கல்லோயாத் திட்டம் 1949இல்தான் தொடங்கியது, அதனால் வாய்க்கால் பாசனக் காட்சி வேண்டாம், வானம் பார்த்த வயலும் சிறுகுளமும் போதும். வாவி மீன்கறியில் திலாப்பியா வரக்கூடாது, அது 1952இல் இலங்கைக்கு வந்த மீன். செல்வனும் மணலையும் இறாலும் இருக்கின்றன. விபுலாநந்தரைக் கௌரவத் தோற்றத்தில் கொண்டுவரும் ஆசை எழும். 1912இல் அவர் காரைதீவு மயில்வாகனம், வயது 20, துறவு பூண்டது 1924இல்.

மட்டக்களப்பு வாவியின் பேர்போன பாடும் மீனுக்கு ஒரே இடம். பாலமில்லாத காலத்தில் நிலா இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பதாக எழுதலாம். இருவரும் சேர்ந்து கேட்பதாக எழுதினால் சுற்றுலாத் துண்டுப்பிரசுரம். தோணிக்கார முஸ்லிம் காக்கா (அண்ணன்) மட்டும் கேட்டுவிட்டு, ‘இண்டைக்கு ஒண்டும் இல்ல’ என்று தோணியை வலிக்கட்டும்.

முடிவு

பதிவைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒதுக்கி வைத்ததன் பயன் இங்கே. கடனை அடைக்கத் தன் எருமைகளை விற்றுவிட்டு, பேசியபடி ‘கைவிட்டவனாக’ப் புளியந்தீவுக்குப் போய்விட்டான் சின்னத்தம்பி. இனிச் சட்டத்தின் பேரில் யாருக்கும் யாரும் தேவையில்லை. காப்பு முடிந்ததை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது, அம்மான் கணக்கும் கொடுத்தாயிற்று. அவனைத் தேடி அவளே வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டும். வந்து காதல் வசனம் பேசக்கூடாது. தங்கச்சிக்கு எழுத வேண்டிய நன்கொடை உறுதியை நீட்டுகிறாள். அதற்கு அவன் சம்மதக் கையெழுத்து வேண்டும், கணவனாக. அவன் பேனையை எடுக்குமுன், விவாகப் பதிவுக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டு வருவோமா என்று கேட்கிறாள். ஊர் முழுக்கப் பார்க்கும் அந்த 12 நாளுக்கு இனிப் பயமில்லை. போன ஆவணியில் என்றால் குறுமண்வெளியில் ஒன்றும் புளியந்தீவில் ஒன்றுமாக இரண்டு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இப்போதும் கறாராகப் பார்த்தால் அவன் புளியந்தீவுக்காரன். அவள் வீட்டில் 10 நாள் இருந்துவிட்டால் ஒரே பிரிவு, ஒரே அறிவித்தல் போதும். அதைச் சொல்ல வேண்டியவன் சின்னத்தம்பி, உறுதி எழுதும் அதே தொனியில்.